தட்டுப் போனாலும் இலக்கம் இருக்கட்டும்

இலக்கியத் தொடரொன்றில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், தமிழில் கீர்த்தனை என்பது கண்ணால் படிப்பதற்கு மட்டும் எழுதப்பட்டதன்று. வாய்விட்டுப் பாடுவதற்கு எழுதப்பட்டது. அதன் சொற்களை அச்சுப் புத்தகம் காப்பாற்றித் தந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதை எப்படிப் பாடினார்கள் என்பதைக் காப்பாற்றித் தந்தது இசைத்தட்டு. எனவே பழைய தமிழ்க் கிறிஸ்தவ இசைத்தட்டுகளைச் சேகரிப்பது பற்றியும், அதைவிட முக்கியமாக அவற்றைப் பட்டியலிடுவது பற்றியும் சில விஷயங்களை இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் கிறிஸ்தவன் அல்லன். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சைவப் பிள்ளை. விடிகாலையில் புனித லூசியாள் பேராலயத்தின் மணி கேட்கும். சற்றுப் பொறுத்துக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவில் மணி கேட்கும். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டாரும் அந்தோனியார் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இது புதினமல்ல.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். அவரிடம் சாவி முறுக்கிப் பாடவைக்கும் கிராமபோன் பெட்டி ஒன்றும், ஒரு மரப்பெட்டி நிறைய இருபத்து நான்கு இசைத்தட்டுகளும் இருந்தன. எல்லாம் கிறிஸ்தவப் பாடல்கள். 1966ஆம் ஆண்டளவில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஞாயிறு பின்னேரங்களில் சாவி முறுக்குவதும் ஊசி மாற்றுவதும் என் பொறுப்பு. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும். உருக்கு ஊசியைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் அது தட்டின் பள்ளங்களைச் சுரண்டிவிடும். அன்ரி இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தட்டு ஓடி முடிந்த பிறகும் அவர் பாடிக்கொண்டே இருப்பார். நான் தட்டைத் திருப்பிப் போடக் கையை நீட்டினால், "பொறு தம்பி, பாட்டு இன்னும் முடியேல்லை, தட்டுத்தான் முடிஞ்சுது" என்பார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் அன்ரி ஒரு தாளை ஒட்டியிருந்தார். தட்டுகளின் வரிசை, பாடலின் பெயர், கொம்பனியின் பெயர், தட்டின் இலக்கம் ஆகியன அதில் இருந்தன. நாளுக்கு ஒரு பக்கம் எழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது என் தகப்பனாரின் கட்டளை. எழுதுவதற்கு வேறு ஒன்றும் அகப்படாத ஒருநாள், அந்தத் தாளைப் பார்த்துப் பயிற்சிக் கொப்பியில் அப்படியே எழுதினேன். நான் செய்த முதற் பட்டியல் அதுதான். பட்டியல் என்று அறியாமலே செய்தது.

எழுபதுகளில் அன்ரியின் குடும்பம் வெள்ளவத்தைக்கு, காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்கு, இடம்மாறியது. 1983 ஜூலையில் அந்த வீடு எரிக்கப்பட்டது. உயிர்கள் தப்பின. அகதி முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள். மரப்பெட்டி எரிந்துபோயிற்று. பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு நெருப்புக்கு நிற்காது.

பழைய தட்டுகளை நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தட்டும் அதன் எல்லையும்

இளம் வாசகர்களுக்காகச் சில அடிப்படைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்தது உருளையில். தட்டையான வட்டில் பதியும் முறைக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரினார். பின்னர் உலகெங்கும் பரவிய தட்டுகள் அரக்கு, கல்மா, கரி முதலியவற்றின் கலவையால் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 தடவை சுழல்பவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடலாம்.

இந்தியாவில் 1902 நவம்பரில், கல்கத்தாவில், பிரெட் கைஸ்பேர்க் என்பவர் கிராமபோன் கொம்பனிக்காக ஒலிப்பதிவு செய்தார். அப்போது பாடியவர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாடலின் முடிவில் தம் பெயரை அவரே உரத்துச் சொல்வதை இன்றும் கேட்கலாம். தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத் தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட காலம் அது. அங்கே உள்ளவர்களுக்கு எது யாருடைய பாட்டு என்று தெரிவதற்காகவே அவ்வாறு சொல்லவைத்தார்கள் என்பர். பெயரில்லாத குரலால் என்ன குழப்பம் வரும் என்பது முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. 1920களின் பிற்பகுதியிலும் முப்பதுகளிலும் தமிழ்த் தட்டுகள் பெருகின. நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, தேசியப் பாட்டு என்று எல்லாம் தட்டில் ஏறின. கிறிஸ்தவப் பாடல்களும் ஏறின.

அப்படி ஏறிய கிறிஸ்தவப் பாடல்களுக்குப் பின்னால் நெடிய மரபு ஒன்று உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசை மரபில் நின்று கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றியவர். 'பெத்லெகேம் குறவஞ்சி'யின் ஆசிரியர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கியவர்கள். அவர்களின் அச்சுப் பணியில் 1841இல் பிறந்தது 'உதயதாரகை'. கத்தோலிக்கர் பக்கம் வேறொரு செல்வம் இருந்தது. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்க'மும், தவக்காலத்தில் பாடப்படும் பசாமும், மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரத்திலும் ஆடப்பட்ட கூத்துகளும் அதைச் சேர்ந்தவை.

தேவாலயங்களில் இருவகைப் பாடல்கள் வழங்கின. ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டு ஒன்று. இராக தாளத்தோடு தமிழிலேயே பிறந்த கீர்த்தனை மற்றையது. ஞானப்பாட்டின் மெட்டை மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதிவைத்தார்கள். கீர்த்தனைக்கோ பெரும்பாலும் புத்தகத்தில் தலைப்பாக இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டுமே இருக்கும். மற்றதெல்லாம் வாய்வழி. தஞ்சாவூரில் ஒரு மாதிரி, திருநெல்வேலியில் இன்னொரு மாதிரி, யாழ்ப்பாணத்தில் வேறொரு மாதிரி என்று பாட்டு மாறிக்கொண்டே போகும். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அது எப்படி இருந்தது என்று அறியத் தட்டைவிட நல்ல சாட்சி இல்லை எனலாம்.

ஆனால் அந்தச் சாட்சியும் முழுச் சாட்சி அல்ல. ஐந்து சரணங்கள் உள்ள கீர்த்தனையை மூன்று நிமிடத்துக்குள் அடக்க முடியாது. ஒன்றில் வேகமாகப் பாட வேண்டும், அல்லது சரணங்களை விட வேண்டும். தட்டில் விடுபட்ட சரணங்களை, வீட்டுப் பாட்டாகக் கேட்டுப் பழகிய அடுத்த தலைமுறை மறந்துவிடும். அன்ரி ஏன் தட்டு நின்ற பின்பும் பாடினார் என்பது எனக்கு விளங்க முப்பது வருடங்கள் சென்றன.

இலக்கங்கள் பேசும் விதம்

புறக்கோட்டையிலும் மருதானையிலும் பழைய சாமான் கடைகளில் தேடி, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விட்டுப்போனதை வாங்கி, சில தட்டுகளைச் சேர்த்தேன். சேர்த்ததும் பெருமையாக இருந்தது. ஆனால் என்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பட்டியல் இல்லாத சேகரிப்பு ஒரு குவியல்தான். அது அழிந்தால், அழிந்தது என்ன என்பதுகூடத் தெரியாமல் அழியும்.

நல்ல பட்டியலில் ஒவ்வொரு தட்டுக்கும், தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும், தனிப் பதிவு வேண்டும். முதலில் கொம்பனியின் பெயர். அடுத்து வெளியீட்டு இலக்கம். ஒட்டுத்தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது இதுவே. எச்.எம்.வி. தட்டுகளில் 'என்' என்ற ஆங்கில எழுத்தோடும், கொலம்பியாத் தட்டுகளில் 'ஜீ.ஈ.' என்ற எழுத்துகளோடும் தொடங்கும் வரிசைகளை இந்தப் பக்கத்து வீடுகளில் பரவலாகக் காணலாம். இந்த இலக்கம் கடைக்காரனுக்கும் வாங்குகிறவனுக்கும் உரியது.

மூன்றாவது, அச்சு இலக்கம். பாட்டுப் பள்ளங்கள் முடிந்து, ஒட்டுத்தாள் தொடங்குமுன் உள்ள வெறும் வளையத்தில் இது பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். வெளியீட்டு இலக்கம் தட்டுக்கு உரியது. அச்சு இலக்கம் பாடிய அந்த மூன்று நிமிடத்துக்கு உரியது. ஒரே ஒலிப்பதிவைச் சில ஆண்டுகள் கழித்து வேறு வெளியீட்டு இலக்கத்தோடு மறுபடி விற்பதுண்டு. அப்போதும் அச்சு இலக்கம் மாறாது. ஒரே நாளில், ஒரே அமர்வில் பதிந்த பாடல்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த அச்சு இலக்கங்கள் கிடைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதன் பயனைச் சொல்கிறேன்.

நான்காவது, பாடலின் பெயர். ஒட்டுத்தாளில் ஆங்கில எழுத்தில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதி, பக்கத்தில் சரியான தமிழை எழுத வேண்டும். பிழையைத் திருத்தி மட்டும் எழுதினால், பிழையோடு தேடுகிறவருக்கு அகப்படாது. ஒரே சொல்லில் தொடங்கும் பல்லவிகள் பல உண்டு. ஆகையால் அனுபல்லவியின் தொடக்கத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு இராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம். கடைசியாகக் குறிப்பு: கீறல், வெடிப்பு, விடுபட்ட சரணம்.

'பாடியவர்' என்ற இடம்தான் நெஞ்சைத் தொடும் இடம். என்னிடமுள்ள சில தட்டுகளில் 'கிறிஸ்தவ கீர்த்தனை' என்ற சொல்லைத் தவிர வேறு பெயரே இல்லை. யாரோ ஒரு பெண், ஒரு ஆர்மோனியத்தின் முன் நின்று, மூன்று நிமிடம் பாடிவிட்டுப் போய்விட்டார்.

வகை பிரிப்பதிலும் சிக்கல் உண்டு. 1948இல் 'ஞானசௌந்தரி' கதையை இரண்டு நிறுவனங்கள் படமாக எடுத்தன. வெற்றி பெற்றது சிட்டாடல் நிறுவனத்தின் படம். அதில் தேவமாதாவை வேண்டிப் பாடும் பாடலை எங்கள் ஒழுங்கைக் கத்தோலிக்க வீடுகளில் செபம்போலவே பாடினார்கள். அதைத் 'திரைப்படம்' என்ற தலைப்பில் வைப்பதா, 'கிறிஸ்தவம்' என்பதில் வைப்பதா? இரண்டிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்ட வேண்டும். பாடகரின் மதத்தை வைத்தும் பிரிக்க முடியாது. சிங்கள இசையின் பெரும்பாடகி ருக்மணிதேவி கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். அவருக்குப் புகழ் தந்த முதல் இசைத்தட்டு புத்தகயாவைப் போற்றும் பௌத்தப் பாடல். அதுபோல ரி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் கிறிஸ்தவப் பாடல்கள் பாடியிருக்கிறார்கள். தட்டின் மதம் பாட்டில் இருக்கிறது. பாடியவரின் பிறப்பில் இல்லை.

இன்னொரு வகைத் தட்டும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஜோய் றிடர்ஹோவ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1939இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'கொஸ்பெல் ரெக்கோடிங்ஸ்' என்ற அமைப்பு, ஆயிரக்கணக்கான மொழிகளிலும் கிளைமொழிகளிலும் வேதச் செய்திகளைப் பதிந்து பரப்பியது. மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காகக் கையால் சுழற்றும் கருவிகளைக் கொடுத்தார்கள். மடித்த காகித அட்டையில் ஊசி பொருத்திய கருவிகூட இருந்தது. இத்தகைய தட்டுகளுக்கு நட்சத்திரப் பாடகர் கிடையாது. மொழியும் இலக்கமுமே அடையாளம்.

கடல் கடந்த ஒரு பாடம்

'கொஸ்பெல்' என்றால் உலகின் பெரும்பகுதிக்கு நினைவு வருவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசை. அந்த இசையின் தந்தை எனப்படுபவர் தோமஸ் டோர்சி. கேளிக்கைக் கூடங்களில் புளூஸ் வாசித்தவர். 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்த துயரில் அவர் இயற்றிய பாடல் உலகம் முழுவதும் பரவியது. 1947இல் மஹேலியா ஜக்சன் பாடிய தட்டு ஒன்று பெரும் எண்ணிக்கையில் விற்று அவரைப் புகழின் உச்சியில் வைத்தது. தம் மக்களின் இசையைக் கோவிலுக்குள் கொண்டுவரலாமா என்ற சர்ச்சையை டோர்சியும் சந்தித்தார். கீர்த்தனையின் கதையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான கதையன்று.

அந்த இசைக்கு முறையான பட்டியல் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் சேகரிப்பாளர்களே. பிரித்தானியரான டிக்சனும் கொட்றிச்சும் 1942 வரையான புளூஸ், கொஸ்பெல் தட்டுகளின் விவரப் பட்டியலை அறுபதுகளின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். திருத்தங்கள் சேர்ந்து, அதன் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. 1943க்குப் பிந்தியவற்றை ஹேய்ஸ், லோட்டன் இருவரும் 1992இல் பட்டியலிட்டார்கள்.

அப்படி இருந்தும் தட்டுகள் அழிந்துகொண்டிருந்தன. கொஸ்பெல் இசை பற்றி நூல் எழுதிய ரொபேர்ட் டார்டன், தாம் குறிப்பிட்ட பாடல்களில் பலவற்றை எங்கும் வாங்க முடியவில்லை என்று கண்டார். 2005இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஒருவரின் நன்கொடையால் டெக்சாஸ் மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் அத்தட்டுகளைத் தேடி, பட்டியலிட்டு, எண்ணிம முறையில் பதியும் திட்டம் தொடங்கியது. பத்திரிகைப் பத்தி ஒன்று இவ்வளவு செய்திருக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்கு மேலே சொன்ன பட்டியல்கள் ஒரு காரணம்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அவுஸ்திரேலியரான மைக்கல் கின்னியர் கிராமபோன் கொம்பனியின் ஆரம்பகால இந்திய ஒலிப்பதிவுகளின் பட்டியலை 1994இல் வெளியிட்டார். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990இல் தோன்றியது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களைப் பேணுகிறது. நம் நாட்டிலே 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவருகிறது. ஆனால் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் தட்டு அங்கெல்லாம் தானாக நடந்து போகாது.

கொப்பி திரும்பி வந்தது

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் ஊருக்குப் போனேன். உறவினர் வீட்டு றங்குப் பெட்டியொன்றில் என் பள்ளிக்கூடக் கொப்பிகள் சில கிடந்தன. அவற்றுள் அந்தப் பயிற்சிக் கொப்பியும் இருந்தது. சிறுவனின் உருண்டை எழுத்தில் இருபத்து நான்கு வரிகள். அன்ரியின் மரப்பெட்டி எரிந்து பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, அதில் இருந்தவை எவை என்று தெரிந்தது.

ஒன்பதாவது வரியில் பாடலின் பெயர் இல்லை. 'கிறிஸ்தவ கீர்த்தனை' என்றும் ஓர் இலக்கம் என்றும் மட்டும் இருந்தது. அன்ரி வீட்டில் அடிக்கடி சுழன்ற தட்டு அதுதான் என்று எனக்கு ஒரு நினைவு. மெட்டு காதில் இருந்தது, சொற்கள் இல்லை.

சில வருடங்களுக்குப் பின் மருதானையில் ஒரு கடையில், உடைந்த கதிரைகளுக்குப் பின்னால், ஐந்தாறு தட்டுகள் கிடந்தன. ஒன்றின் ஒட்டுத்தாள் ஈரத்தில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. இலக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்பதாவது வரியின் இலக்கம். கொப்பி இல்லாவிட்டால் அதை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

பாடியவர் யார்? ஒட்டுத்தாள் சொல்லவில்லை. வளையத்தில் இருந்த அச்சு இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். என்னிடமிருந்த வேறொரு தட்டின் அச்சு இலக்கம் அதற்கு அடுத்ததாக இருந்தது. அந்தத் தட்டில் பாடியவரின் பெயர் உண்டு. குரலும் ஒத்திருந்தது, ஆர்மோனியமும் ஒத்திருந்தது. அநேகமாக இருவரும் ஒருவரே. அந்தப் பெயரை இங்கு நான் சொல்லப்போவதில்லை. என் பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. இன்னொரு சான்று கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் பட்டியல், பட்டியல் இல்லாமையைவிடக் கெடுதலானது.

தட்டைச் சுத்தம் செய்வதில் அவசரப்படவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது பலரும் செய்யும் தவறு. மதுசாரம் அரக்கைக் கரைத்துவிடும். வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம் கலந்து, ஒட்டுத்தாள் நனையாமல் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். அடுக்கும்போது படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். நீண்டநேரம் ஓடும் தட்டுக்கான மெல்லிய ஊசி இதற்குப் பொருந்தாது. 78க்கென்று பருத்த முனையுள்ள ஊசி உண்டு. வேகத்தையும் கவனிக்க வேண்டும். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதியப்பட்டவை அல்ல. வேகம் தவறினால் சுருதி ஏறும் அல்லது இறங்கும். பாடியவர் ஆளே மாறிப்போவார். கணினியில் பதியும்போது இரைச்சலை நீக்காத மூலப்பிரதி ஒன்றைக் கட்டாயம் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்ரி அதற்கிடையில் கனடாவில் காலமாகிவிட்டார். அவரது மகளுக்கு அந்த மூன்று நிமிடத்தை அனுப்பினேன். அடுத்த நாள் தொலைபேசியில் பேசினார். "அண்ணை, இது முழுப்பாட்டு இல்லை. கடைசி ரெண்டு சரணமும் விட்டிருக்கினம். அம்மா பாடுறவ" என்றார். பிறகு, நான் கேட்காமலே, அவற்றைப் பாடினார். தட்டில் உள்ள மெட்டிலிருந்து சற்று விலகிய மெட்டு. எங்கள் ஒழுங்கையில், தட்டு நின்ற பிறகு, நான் கேட்ட மெட்டு அதுதான்.

அதையும் பதிந்துகொண்டேன். பட்டியலில் ஒன்பதாம் பதிவின் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இரு சரணங்கள் தட்டில் இல்லை. யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் வாய்வழி வடிவம் தனியே பதியப்பட்டுள்ளது.'

இருபத்து நான்கில் இதுவரை ஏழு கிடைத்திருக்கின்றன. மீதிப் பதினேழும் எங்கேயாவது இருக்கக்கூடும். வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ, நீர்கொழும்பிலோ, யாராவது ஒருவருடைய வீட்டு அலுமாரிக்கு மேலே. வாசகர்களுள் யாரிடமாவது பழைய தட்டுகள் இருந்தால், அவை கிறிஸ்தவப் பாடலோ, தேவாரமோ, இஸ்லாமிய கீதமோ எதுவாயினும், கிராமபோன் பெட்டி இல்லையே என்று எறிந்துவிடாதீர்கள். விற்பதோ கொடுப்பதோ பிறகு யோசிக்க வேண்டியவை. முதலில் ஒரு கொப்பியை எடுத்து, ஒட்டுத்தாளில் உள்ளதையும் வளையத்தில் உள்ளதையும் எழுதிவையுங்கள். அந்தக் கொப்பியை, தட்டு இருக்கும் வீட்டில் வைக்காமல் வேறொரு வீட்டில் வையுங்கள்.